நற்சாட்சிப் பத்திரம்

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் ஊரார் இலவசமாக வாங்கிக் கொள்ளும் எழுத்துக்குக் கணக்கே கிடையாது. கல்யாண வாழ்த்துமடல், கும்பாபிஷேக மலருக்கு ஒரு முன்னுரை, ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கு ஒரு பாராட்டு, பாகப் பிரிவினையில் மனஸ்தாபம் வராதபடி ஒரு கடிதம் - எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு சாயப்பட்டறைக்குக் கொள்கை எழுதிக் கொடுத்தேன். அதை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது.

என் தங்கையின் கணவர் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். கடன் சொன்னால் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுக்கிறவர். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2003-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் என் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, “மச்சான், நீங்கதானுங்க எழுதிக் குடுக்கோணும். சுத்துச்சூழல் கொள்கைன்னு ஒண்ணு வேணுமுங்க. அரைப் பக்கம் போதும். நல்ல தமிழ்ல இருக்கோணும்” என்றார். ஐரோப்பாவிலிருந்து சரக்கு எடுக்கும் பையர் ஒருவர் ‘ஐ.எஸ்.ஓ. 14001’ இருந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லிவிட்டாராம்.

“இது சர்க்கார் சட்டமா, மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. நாமளா விரும்பி எடுத்துக்கறதுங்க.”

“பின்னே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே?”

“விரும்பாட்டி ஆர்டர் கெடைக்காதுங்க” என்றார். ‘தன்னார்வம்’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டின் ஊர் ஜெனிவா. 1947-ல் ஆரம்பித்த சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு 1996-ல் 14001 என்ற எண்ணிட்டு இந்தத் தரத்தை வெளியிட்டது. அதற்கு முன் 1992-லேயே இங்கிலாந்துக்காரர்கள் இப்படி ஒன்று செய்து பார்த்திருந்தார்கள். ஒரு நிறுவனம் தன் வேலையால் காற்றுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் என்ன கேடு வருகிறது என்று தானே பட்டியல் போட வேண்டும். எந்தக் கேடு பெரியது என்று தானே முடிவு செய்ய வேண்டும். சட்டப்படி என்னென்ன கடமை என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறைப்பதற்கு ஒரு இலக்கு வைத்து, பொறுப்பாளரை நியமித்து, ஏட்டில் பதிந்து, வருஷம் முடிந்ததும் திரும்பிப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை கிராமுக்கு மேல் உப்பு வெளியே போகக் கூடாது, இத்தனை லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுக்கக் கூடாது என்ற பேச்சு அந்தத் தரத்தில் எங்கேயும் இல்லை. எண் வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. வீட்டுப் பெரியவர் பையனுடைய பரீட்சை மார்க்கைக் கேட்காமல், படிக்கும் நேர அட்டவணையைப் பார்த்து முதுகைத் தட்டிக் கொடுப்பதைப் போல.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் கொள்கை எழுதினேன். மனசாரத்தான் எழுதினேன். ‘நீரும் நிலமும் நம் முன்னோர் நம்மிடம் ஒப்படைத்துச் சென்றவை’ என்று ஆரம்பித்து, வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலைப் பற்றி இரண்டு வாக்கியம் போட்டு, ‘மாசு நேராமல் தடுப்போம், நாளுக்கு நாள் மேம்படுவோம், சட்டத்தை மதிப்போம்’ என்று முடித்தேன். கடைசி மூன்றும் தரத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய வாசகங்கள். கன்சல்டன்ட் எழுதிக் கொடுத்திருந்தார். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. கண்ணாடிச் சட்டம் போட்டு, பட்டறை வாசலில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அதற்கும் சேர்த்தே சந்தனம் வைத்தார்கள்.

பரிசோதகர் வந்த அன்று நானும் போயிருந்தேன். எழுதினவனுக்கு உள்ள ஆசை. இளைஞர், மதுரைப் பக்கம், கெமிக்கல் இஞ்சினீயரிங் படித்தவர். மத்தியானச் சாப்பாட்டைக்கூட டப்பாவில் கொண்டு வந்திருந்தார். தங்கை சமைத்து அனுப்பிய கோழிக்குழம்பைத் தொடவில்லை. இரண்டு நாள் பைல்களைப் புரட்டினார். பட்டறைக்குள் போய், வேலையாட்களைத் தற்செயலாக நிறுத்திக் கேள்வி கேட்டார். பாய்லர் பார்க்கும் பெரியவரிடம், “உங்க கம்பெனியின் சுற்றுச்சூழல் கொள்கை என்னங்க ஐயா?” என்றார். பெரியவர் கைகட்டிக்கொண்டு, என் வாக்கியங்களைக் கந்தர் சஷ்டி பாராயணம் மாதிரி மூச்சு விடாமல் ஒப்பித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. “அதற்கு அர்த்தம் என்னங்க?” என்றார் இளைஞர்.

“அர்த்தம் தெரியாதுங்க. சொல்லாட்டி ஆர்டர் போயிருமுன்னு மேஸ்திரி சொன்னாருங்க.”

இளைஞர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பிற்பாடு அறிக்கை வந்தபோது, ‘பணியாளர்க்கு விளக்கம் தேவை’ என்று ஒரு வரி இருந்தது. சர்டிபிகேட்டும் வந்தது. மூன்று வருஷத்துக்கு அது செல்லும். வருஷம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அன்று சாயங்காலம் அவரைப் பஸ் நிலையத்தில் விடப் போனேன். வழியில், கதைக்காரன் புத்தி, கேட்டுவிட்டேன். “தம்பி, உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?”

“எங்க கம்பெனிதாங்க.”

“உங்கள் கம்பெனிக்குப் பணம் கொடுப்பது?”

கொஞ்சம் தயங்கினார். “உங்க மாப்பிள்ளைங்க.”

“அப்படியானால் உங்களைப் பரிசோதிப்பது யார்?”

இந்தக் கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது. சான்றிதழ் கொடுக்கும் கம்பெனிகளுக்கே அங்கீகாரம் கொடுக்கும் வாரியம் ஒன்று டில்லியில் இருக்கிறதாம். இந்தியத் தர கவுன்சில் என்று 1997-ல் ஆரம்பித்தார்களே, அதைச் சேர்ந்தது. அந்த வாரியத்து ஆள், இவர் ஒரு தொழிற்சாலையைச் சோதிக்கும்போது பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவர் எப்படிச் சோதிக்கிறார் என்று சோதிப்பாராம். சோதனை செய்கிறவன் ஆலோசனை சொல்லக் கூடாது. ஆலோசனை சொன்னவன் சோதிக்கக் கூடாது. டில்லி வாரியம் சரியாக நடக்கிறதா என்று வெளிநாட்டு வாரியத்தார் வந்து பார்ப்பார்கள். அவர்களை இவர்கள் போய்ப் பார்ப்பார்கள். “அதற்கும் மேலே?” என்றேன். இளைஞர் முதல் தடவையாகச் சிரித்து, “அதுக்கு மேலே பழனியாண்டவர்தாங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்திற்று. என்ன என்று எனக்குப் பிடிபட்டது அடுத்த சித்திரையில், கண்ணபுரம் மாட்டுச் சந்தையில். மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிக் கூடும் சந்தை. காங்கேயம் காளைகளை அங்கேதான் பார்க்க வேண்டும். காளை வாங்க வருகிறவர் தம்மோடு சுழி பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்து வருவார். அவர் காளையைச் சுற்றி வருவார், பல்லைப் பார்ப்பார், நெற்றியிலும் முதுகிலும் சுழியைப் பார்ப்பார், நடத்திப் பார்ப்பார். பிறகு துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசுவார். சுழி பார்த்தவருக்கு வெற்றிலை பாக்கும் பணமும் கொடுப்பது காளையை வாங்குகிறவர். விற்கிறவரே ஒரு பெரியவருக்குப் பணம் கொடுத்து, “என் காளைக்குச் சுழி சுத்தம் என்று எழுதிக் கொடுங்கள்” என்று வாங்கி, அதைக் கொம்பில் கட்டிக்கொண்டு நின்றால், சந்தையில் சிரிப்பார்கள். சிரிப்பதோடு விடமாட்டார்கள், “இந்தப் பெரியவருக்குச் சுழி பார்க்கத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தது யார்?” என்றும் கேட்பார்கள். டில்லி வாரியம் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. காசு யார் மடியிலிருந்து வருகிறது என்ற முதல் கேள்வி அப்படியே நிற்கிறது.

விரும்பி எடுக்கும் முத்திரை நமக்குப் புதிதல்ல என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். உண்மைதான். அக்மார்க் 1937-ம் வருஷத்துச் சட்டம். நெய் டின்னில் அந்தச் சீட்டைப் பார்த்து வாங்கிய குடும்பம்தான் எங்களுடையதும். ஆனால் அக்மார்க் நெய்யை எடுத்துச் சோதித்தது. 14001 நெய்யைப் பார்ப்பதில்லை. கறவைக் கணக்கு ஏடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறது. சுற்றுச்சூழலுக்கென்றே நம் சர்க்கார் 1991-ல் ‘ஈகோமார்க்’ என்று, மண்பானையைச் சின்னமாக வைத்து, பண்டங்களுக்கு ஒரு முத்திரை கொண்டுவந்தது. அழகான சின்னம். அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை. எந்தப் பையரும் அதைக் கேட்கவில்லை அல்லவா? 2024-ல் புது விதிகள் போட்டுப் பானையை மறுபடியும் அடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள்.

சந்தையிலிருந்து திரும்பும்போது அத்தையைப் பார்க்கப் போனேன். என் அப்பாவின் தங்கை. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையில் ஆறு ஏக்கர். 1992-ல் அந்த அணையைக் கட்டியபோது ஊரே திருவிழா மாதிரி இருந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அணை, சில வருஷங்களில் திருப்பூர்ச் சாயத் தண்ணீருக்குத் தொட்டியாகிவிட்டது. கடைசியில், ‘அணையைத் திறந்து விடு’ என்று கேட்க வேண்டிய குடியானவர்கள், ‘ஐயா, திறக்காதீர்கள்’ என்று மனுக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் வேறெந்த அணைக்கும் அப்படி மனுக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அத்தை சோறு போட்டாள். பருப்பில்லாத சோறு. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குழாய்த் தண்ணீர் அன்றைக்கு வரவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “ஏங் கண்ணு, மாப்பிள்ளை பட்டறையில நீ எழுதுனது மாட்டியிருக்குதாமா? கல்யாணத்துக்குப் போனப்போ நம்ம பொன்னாத்தா பார்த்துட்டு வந்து சொன்னா. நொய்யலப் பத்தியெல்லாம் நல்லா எழுதியிருக்கறயாமா.”

“ஆமாம் அத்தை.”

“அதுல நம்ம கெணத்தப் பத்தி ஏதாச்சும் இருக்குதா?”

அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. இருந்தால் படித்துக் காட்டச் சொல்லலாம் என்று கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

விஷயம் உப்பு. பருத்தி நூல் சாயத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலுக்குள் இறங்கும். லிட்டருக்கு 50 கிராம், 60 கிராம், கரும் நிறத்துக்கு இன்னும் கூட. சாயம் துணியில் தங்கிவிடுகிறது. உப்பு தங்குவதில்லை, அவ்வளவும் தண்ணீரோடு வெளியே வருகிறது. தொண்ணூறுகளின் கடைசியில் பட்டறைக்காரர்கள் கூட்டாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டு நிறத்தை எடுத்தார்கள். நிறம் போயிற்று. உப்பு கண்ணுக்குத் தெரிகிற சமாசாரம் இல்லையே! கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி இருந்தது. தெளிந்த தண்ணீராக, அந்த விதிக்கு மேலே பல மடங்கு உப்போடு, அது அத்தை கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊருக்குத் திரும்பியதும் மாப்பிள்ளையின் பைலை வாங்கிப் பார்த்தேன். கேடுகளின் பட்டியலில் உப்பு இருந்தது; பொய் சொல்லவில்லை. அதற்கு நேரே, ‘பொது நிலையத்துக்கு அனுப்பப்படுகிறது’ என்று எழுதியிருந்தது. அதோடு பட்டறையின் எல்லை முடிந்தது. அந்த வருஷத்து இலக்குகள்: ஆபீஸ் காகிதத்தைக் குறைப்பது, மின்சாரம் சிக்கனம், காம்பவுண்டு ஓரம் இருபது வேப்பங்கன்று. இருபது கன்றும் நட்டார்கள், போட்டோ இருந்தது. மதுரை இளைஞர் எல்லைக்குள் இருந்ததை ஒழுங்காகச் சோதித்திருந்தார். எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பது அவர் கையில் இல்லை. 2015-ல் அந்தத் தரத்தைத் திருத்தியபோது, பொருள் பிறந்தது முதல் கழிவாகும் வரையில் யோசிக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். அது வரும்போது இங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

நடத்தியது ஜெனிவாவும் இல்லை, டில்லியும் இல்லை, நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள். சங்கமாகச் சேர்ந்து ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் கோர்ட்டு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது, அதுவரை விடுகிற தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8, பிறகு 10 என்று அபராதம் கட்டு என்றது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அப்படியும் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28-ம் தேதி சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். மாப்பிள்ளையின் பட்டறையும் மூடிற்று. அன்றைய தேதியில் அவருடைய சர்டிபிகேட் காலாவதியாகவில்லை. அதுதான் வேடிக்கை, அந்த வருஷம் தங்கையின் நகைகள் பாங்கியில் இருந்ததால் வேடிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குற்ற உணர்ச்சி வந்தால் மனிதன் ஒன்று கோயிலுக்குப் போவான், அல்லது படிப்பான். நான் படித்தேன். ஐரோப்பியர்கள் 1993-ல் சட்டம் இயற்றி 1995-லிருந்து நடத்திவரும் ‘ஈமாஸ்’ என்ற ஏற்பாட்டைப் பற்றிப் படித்தேன். இதுவும் விரும்பிச் சேருவதுதான்; பணம் கட்டுவதும் தொழிற்சாலைதான். ஆனால் இரண்டு வித்தியாசம். நிறுவனம் எவ்வளவு தண்ணீர் எடுத்தது, எவ்வளவு கழிவு விட்டது என்ற எண்களை ஓர் அறிக்கையாக எழுதி ஊரறிய வெளியிட வேண்டும். பரிசோதகர் அந்த எண்களுக்குக் கீழே தம் கையெழுத்தைப் போட வேண்டும். இன்னொன்று, பதிவேட்டில் பெயர் ஏற்றும் முன், இவர்கள் மேல் சட்ட மீறல் உண்டா என்று உரிய அதிகாரிகளைக் கேட்பார்கள். உண்டென்றால் பெயர் ஏறாது. ஜெர்மனியில் பரிசோதகராவதற்குத் தனி மனிதரே பான் நகரத்திலுள்ள அமைப்பின் முன் பரீட்சை கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். அந்த மனிதரின் பெயர்தான் அறிக்கையில் நிற்கும். 2009-ம் வருஷத்து விதிகளின்படி ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்களும் இதில் சேரலாம். உலகத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்கிறீர்கள்? 14001 வாங்கினவர்கள் லட்சக்கணக்கில். ஈமாஸில் சில ஆயிரம். எண்ணை வெளியே காட்டு என்றால் யார் வருவார்கள்?

சோதித்தவரைச் சோதிப்பது வெறும் சடங்கு ஆகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலை சாட்சி. அலி எண்டர்பிரைசஸ் என்று பெயர். 2012 செப்டம்பர் 11-ம் தேதி தீப்பிடித்து இருநூற்றைம்பதுக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். தொழிலாளர் நலனுக்கான சர்வதேசச் சான்றிதழ் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அது வேறு சான்றிதழ், வேறு விஷயம் என்று சொல்லலாம். எனக்கு என்னமோ பாய்லர் பெரியவர் கைகட்டி ஒப்பித்தது ஞாபகம் வந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. அந்தச் சர்டிபிகேட்டுக்காகத்தான் மாப்பிள்ளை முதன்முதலாகப் பட்டறையில் தண்ணீர் மீட்டர் மாட்டினார். அதுவரை எத்தனை லாரித் தண்ணீர் என்பதுதான் கணக்கு. மீட்டரைப் பார்த்த முதல் மாசம் ராத்திரி தூக்கம் வரவில்லை என்றார். யாரும் வேலை செய்யாத நேரத்திலும் முள் ஓடிக்கொண்டிருந்ததாம். ஒரு வால்வு கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, எத்தனை வருஷமாகவோ! ஏடு எழுதிப் பழகிய கை என்பதால்தான் 2011-க்குப் பிறகு, கழிவைச் சவ்வுகளில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கும் புது ஏற்பாட்டுக்கு அவரால் சீக்கிரம் மாற முடிந்தது. நல்ல பழக்கத்தை எதன் பொருட்டுப் பழகினால் என்ன?

போன வருஷம் மறுபடியும் வந்தார். புதுப்பிக்க வேண்டும், பழைய சட்டம் கரையான் அரித்துவிட்டது, புதிதாக அரைப் பக்கம் வேண்டும் என்றார்.

“வாக்கியம் எழுத மாட்டேன், மாப்பிள்ளை. ஒரு கரும்பலகை மாட்டுங்கள். மூன்று எண் எழுதுங்கள், தினமும்” என்றேன்.

“என்ன எண்ணுங்க?”

“எடுத்த தண்ணீர் ஒன்று. அதில் திரும்பக் கிடைத்த தண்ணீர் ஒன்று. மூன்றாவது, கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறீர்களே, எதற்கும் ஆகாத கலப்பு உப்பு, அது எத்தனை டன் என்று.”

அவர் பேசவில்லை. நல்ல உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்குப் போடலாம். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது திருப்பூர் முழுக்க இருக்கிற தலைவலி. மழைக்காலத்தில் கொட்டகை ஒழுகினால் அதுவும் கிணற்றைத் தேடித்தான் போகும்.

“மொத ரெண்டும் எழுதறனுங்க மச்சான். மூணாவது வேண்டாமுங்க. பையர் பார்த்தா என்னன்னு கேப்பானுங்க.”

“கேட்கட்டுமே.”

“அத்தை பார்த்தாலும் கேப்பாங்களே” என்றார், குரலைத் தாழ்த்தி.

கரும்பலகை வந்துவிட்டது. லட்சுமி படத்துக்குக் கீழே, பாய்லர் பெரியவரின் பேரன் தினமும் காலையில் சாக்பீஸால் இரண்டு எண் எழுதுகிறான். மூன்றாவது வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி மாப்பிள்ளையும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.